இரட்டை அடுக்குத் தகட்டில் மூன்று மணி நேரத் திருமணப் படம்

(பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவி எழுதியது)

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. ஐந்து தகடுகள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி, அவற்றுள் மூன்றை வீணாக்கிய பிறகே அம்மொழியின் பொருள் எனக்கு நன்றாக விளங்கிற்று. அந்த மூன்று தகடுகளும் எனக்குக் கற்பித்த பாடத்தை என் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் பெற்றோரின் திருமணம் 2003-ஆம் ஆண்டு திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடைபெற்றது. அதன் வீடியோ கேசட் ஒன்று தாத்தா வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. அம்மாச்சி 2011-இல் காலமானார். அப்போது நான் கைக்குழந்தை. அவர் முகத்தைப் படங்களில் கண்டிருக்கிறேன். குரலைக் கேட்ட நினைவு இல்லை. அந்தக் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரே கேசட்டில்தான். வரவேற்பு முடியும் தறுவாயில், ஒலிபெருக்கியை வாங்கி அம்மாச்சி இரண்டு நிமிடம் பேசியிருக்கிறாராம். அதை மறுபடி கேட்க வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. ஆனால் கேசட்டை ஓட்டும் இயந்திரம் பழுதாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

இனிப் புது இயந்திரம் வாங்கவும் வழியில்லை. வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. உறவினர் ஒருவர் வீட்டில் ஓடும் நிலையில் இருந்த இயந்திரத்தை மாமா இரவல் வாங்கிவந்தார். அதைக் கேப்சர் கருவி வழியாகக் கணினியுடன் இணைத்து, கோடை விடுமுறையில் படம் முழுவதையும் கணினியில் ஏற்றினோம்.

தாத்தாவின் பழைய தொலைக்காட்சியில் பென் டிரைவ் செருகும் இடம் கிடையாது. அவருக்குப் பழக்கமானது டி.வி.டி. பிளேயர் ஒன்றுதான். "நடுவுல எந்திரிச்சுத் தகட்ட மாத்தச் சொல்லாதீங்க. ஒரே தகட்டுல போட்டுக் குடுங்க" என்றார். அவருக்கு முழங்கால் வலி. இவ்வாறு தொடங்கியதே என் ஆராய்ச்சி!

தகட்டின் அமைப்பு

முதலில் டி.வி.டி. தகடு எவ்வாறு அமைந்துள்ளது என்று காண்போம். அதன் விட்டம் 12 செ.மீ.; கனம் 1.2 மி.மீ. 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியே அதைச் செய்கிறார்கள். அதனுள் நத்தை ஓட்டின் சுருளைப் போன்று ஒரு மிக நுண்ணிய தடம் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 0.74 பங்குதான். நம் தலைமயிர் ஒன்றின் அகலத்துக்குள் ஏறத்தாழ நூறு சுற்றுகள் அடங்கிவிடும்! சிவப்பு லேசர் ஒளி இத்தடத்தில் சாயத்தைச் சுட்டுக் குறிகளை இடுகிறது. டி.வி.டி. எழுதுவதை ஆங்கிலத்தில் எரித்தல் என்று சொல்வதன் காரணமும் இதுவே.

சாதாரணத் தகட்டில் இத்தகைய அடுக்கு ஒன்றுதான் உண்டு. அதில் 4.7 ஜி.பி. கொள்ளும். இரட்டை அடுக்குத் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகள் உள்ளன. வீட்டில் எழுதக்கூடிய இரட்டை அடுக்குத் தகடுகள் 2004-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தன. இதன் கொள்ளளவு 8.5 ஜி.பி. அடுக்கு இரண்டாகும்போது கொள்ளளவும் இருமடங்காகி 9.4 ஆக வேண்டும் அல்லவா? இரண்டாம் அடுக்கை முதல் அடுக்கின் ஊடாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கொசுவலைக்கு அப்பால் உள்ள எழுத்தைப் படிப்பது போன்றது அது. எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். எனவே இத்தகட்டில் குறிகளைச் சற்று நீளமாக இடுகிறார்கள். அதனால் கொள்ளளவு கொஞ்சம் குறைகிறது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. முதல் அடுக்கு தகட்டின் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. விளிம்பை அடைந்ததும் லேசர் இரண்டாம் அடுக்குக்கு மாறி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் திரும்புகிறது. உழவர் சாலின் முடிவில் ஏரைத் திருப்பி, வந்த திசைக்கு எதிராக உழுதுவருவதைப் போன்றது இது. இந்தத் திருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட படங்களை எழுதும்போது நேரும் இடையூறுகளில் பெரும்பாலானவை இத்திருப்பத்தில்தான் நேருகின்றன.

முதலில் கணக்கு

எங்கள் கேசட்டின் மேல் இ-180 என்று அச்சிட்டிருந்தது. அதாவது 180 நிமிடம். விநாடிகளில் சொன்னால் 10,800.

மூன்று மணி நேரத்தையும் சாதாரணத் தகட்டில் அடைத்தால் என்ன ஆகும்? 4.7 ஜி.பி.யை எட்டால் பெருக்கிப் பிட்டுகளாக்கி, 10,800-ஆல் வகுத்தால், ஒரு விநாடிக்கு 3.48 மெகாபிட் கிடைக்கிறது. இது போதாது. பழைய கேசட்டின் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் மிகுந்திருக்கும். அந்த இரைச்சலும் தனக்கொரு பங்கைக் கேட்கும். அப்படிச் செய்து பார்த்தபோது மணமக்களின் முகங்கள் கட்டம்கட்டமாக உடைந்து தெரிந்தன. ஸ்டுடியோ ஒன்றில் கேட்டோம். "ஒரு மணி நேரத்த வெட்டிடுங்க, இல்லன்னா ரெண்டு தகடா போட்டுக்குங்க" என்றார்கள். எதை வெட்டுவது?

இரட்டை அடுக்குத் தகட்டில் அதே கணக்கைப் போட்டால் விநாடிக்கு 6.3 மெகாபிட் வருகிறது. டி.வி.டி.யில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 9.8 மெகாபிட். ஆதலால் 6.3 நல்ல அளவே. ஆனால் பானையை விளிம்புவரை நிரப்பலாகாது. ஏறத்தாழ ஐந்து விழுக்காடு மிச்சம் விட்டு, மொத்தம் 6.0 என்று வைத்துக்கொண்டோம். ஒலிக்கு 0.224 மெகாபிட்டை ஒதுக்கி, படத்துக்கு 5.7 கொடுத்தோம். கோப்பின் அளவு சுமார் 8.1 ஜி.பி. வந்தது. இந்த மிச்சம் பின்னர் எங்களுக்கு எத்துணைப் பெரிய உதவி செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு குழப்பம் நேரக்கூடும். பெட்டியில் 8.5 ஜி.பி. என்று போட்டிருக்கும், விண்டோஸ் கணினியோ 7.96 என்று காட்டும். தகடு குறைபாடுடையது என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1,024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறையில் எண்ண வேண்டும்.

முதல் இடையூறு: பென் டிரைவில் இடமில்லை!

படம் முழுவதையும் ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாக்கி, டி.வி.டி. ரைட்டர் வைத்திருந்த மாமாவின் மடிக்கணினிக்குக் கொண்டுபோக எண்ணினேன். 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாகவே இருந்தது. ஆயினும் 8.1 ஜி.பி. கோப்பை அது ஏற்க மறுத்துவிட்டது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் அது ஃபாட்-32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் தனிக் கோப்பு எதுவும் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்-ஃபாட் முறைக்கு மாற்றியதும் கோப்பு ஏறிவிட்டது. மாற்றும்போது பென் டிரைவில் உள்ளவை யாவும் அழிந்துவிடும். ஆகையால் முன்னதாகவே அவற்றை வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் இடையூறு: பாதி வழியில் நின்றது

முதல் தகட்டை, பெட்டியில் போட்டிருந்த உச்ச வேகமான எட்டு மடங்கில் எழுதினேன். பாதியைத் தொட்டதும் பிழை என்று காட்டி நின்றது. இத்தகடுகளில் ஒரு முறைதான் எழுத முடியும். தகடு வீண்.

அவசரக் கோலம் அள்ளித் தெளித்தாற்போல, வேகம், இணைப்பு, மென்பொருள் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டு அடுத்த தகட்டைச் செருகப் போனேன். மாமா கையைப் பிடித்துத் தடுத்தார். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாத பாப்பா. அப்புறம் சரியானாலும் எதுனால சரியாச்சுன்னு தெரியாது. ஒண்ண மட்டும் மாத்து" என்றார்.

நம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கேட்கும் பாடமே இது! ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். அன்றுமுதல் ஒரு நோட்டில், என்ன மாற்றினேன், என்ன நடந்தது என்று குறித்துவந்தேன்.

இரண்டாம் தகட்டில் வேகத்தை மட்டும் நான்கு மடங்காகக் குறைத்தேன். எழுதி முடிக்க சுமார் 25 நிமிடம் ஆகும். அதுவும் அதே இடத்தில் நின்றது. இரண்டு முறையும் திருப்பத்திலேயே நிற்பானேன் என்று சிந்தித்தோம். திருப்பத்தில் லேசர் ஓர் அடுக்கை விட்டு அடுத்ததைத் தேடிக் கூர்மைப்படுத்த வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 55 பங்கு அளவுதான். இரண்டாம் அடுக்கை முதல் அடுக்கின் ஊடாகச் சுட வேண்டியிருப்பதால் ஆற்றலும் கூடுதலாகத் தேவை. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

மாமாவின் ரைட்டர் கணினிக்கு வெளியே கேபிளால் இணைக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் செல்கிறது. நான் அதை நேரே கணினியில் செருகாமல், மவுஸும் பென் டிரைவும் செருகியிருந்த ஒரு பல்வாய்ச் செருகியில் இணைத்திருந்தேன். ஒரு குழாயில் நால்வர் தண்ணீர் பிடித்தால் நால்வருக்கும் மெல்லத்தானே வரும்? மூன்றாம் தகட்டுக்கு வேகத்தை நான்கிலேயே வைத்து, இணைப்பை மட்டும் மாற்றினேன். ரைட்டரைக் குட்டையான கேபிளால் நேரே கணினியில் செருகினேன். இம்முறை தகடு இறுதிவரை எழுதப்பட்டது, சரிபார்ப்பிலும் தேறியது.

எல்லாருக்கும் காரணம் இதுவாகவே இருக்கும் என்பதில்லை. பாதியில் நின்றால் ரைட்டரின் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். தகட்டின் விளிம்பில் விரல்ரேகை பட்டிருக்கலாம். தகட்டின் தரமே குறைவாக இருக்கலாம். ரைட்டரின் உள்மென்பொருள் புதிய தகடுகளை அறியாத பழையதாக இருக்கலாம். கணினி நடுவில் உறக்க நிலைக்குப் போயிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் காரணம் அகப்படும்.

மூன்றாம் இடையூறு: கணினியில் ஓடும், பிளேயரில் ஓடாது

மூன்றாம் தகட்டைப் பெருமையுடன் தாத்தா வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். திருப்பலி முடிந்தது, ஊர்வலம் வந்தது, பந்தி தொடங்கியது. 1 மணி 35 நிமிடத்தில் சாம்பார் வாளியுடன் ஒருவர் குனிந்த நிலையில் படம் உறைந்து நின்றது. என்ன செய்தும் நகரவில்லை. அம்மாச்சி பேசுவது 2 மணி 20-ஆம் நிமிடத்தில். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல தாயி, இவ்வளவு பாத்ததே போதும்" என்று எழுந்துவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நோட்டை மறுபடி புரட்டினேன். எழுதும் முன் மென்பொருள் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அதைப் படிக்காமலே சரி என்று அழுத்தியிருந்தேன்! டி.வி.டி. படத்தில் அடுக்கு மாறும் இடம் ஒரு பகுதி முடிந்து மற்றொரு பகுதி தொடங்கும் எல்லையில் அமைய வேண்டும். நானோ மூன்று மணி நேரத்தையும் அத்தியாயம் பிரிக்காமல் ஒரே நீளமாக வைத்திருந்தேன். எனவே முதல் அடுக்கு நிரம்பிய இடத்தில், காட்சியின் நடுவே திருப்பம் நிகழ்ந்துவிட்டது. கணினி அதைப் பொறுத்துக்கொண்டது; தாத்தாவின் பிளேயர் பொறுக்கவில்லை.

அப்படியானால் எல்லையை எங்கே வைப்பது? இதற்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, முதல் அடுக்கில் உள்ளது இரண்டாம் அடுக்கில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. மற்றொன்று, முதல் அடுக்கில் சுமார் 4.27 ஜி.பி.க்கு மேல் கொள்ளாது. எங்கள் கோப்பு 8.1 ஜி.பி.; அதில் பாதி 4.05. ஆக, 4.05-க்கும் 4.27-க்கும் இடையே எங்கேனும் எல்லை இருக்க வேண்டும். நேரக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 1 மணி 30 நிமிடத்துக்கும் 1 மணி 35 நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஐந்து நிமிட இடைவெளி. தகட்டை முழுக்க நிரப்பியிருந்தால் இந்த ஐந்து நிமிடமும் கிடைத்திராது. முன்னே நாங்கள் விட்ட மிச்சத்தின் பயன் இதுதான்.

அந்த ஐந்து நிமிடத்தை நிதானமாகப் பார்த்தேன். 1 மணி 32-ஆம் நிமிடத்தில் பந்தியின் ஒரு வரிசை எழுந்து, கேமரா வாசற்பந்தலுக்குத் திரும்புகிறது. பேச்சு எதுவும் இல்லை. அங்கே ஓர் அத்தியாய எல்லை வைத்தேன். மற்ற இடங்களிலும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வைத்தேன். இம்ஜ்பர்ன் என்னும் இலவச மென்பொருள், அடுக்கு மாறுவதற்கு ஏற்ற எல்லைகளைப் பட்டியலிட்டுக் காட்டும். அதில் 1 மணி 32-ஐத் தேர்ந்து, வேகத்தையும் இணைப்பையும் மாற்றாமல் நான்காம் தகட்டை எழுதினேன்.

பிளேயர் தகட்டையே அடையாளம் காணாவிட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு. கூட்டல் குறியுள்ள டி.வி.டி. தகடு என்றால், அதன் வகைக் குறிப்பைக் கடையில் விற்கும் படத்தகட்டின் வகையாக எழுதும் முன்பே மாற்றிவிடலாம். ரைட்டர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கழித்தல் குறியுள்ள தகட்டில் இது இயலாது. இரட்டை அடுக்குத் தகடு வாங்கும்போது கூட்டல் குறியுள்ளதைத் தேர்வது இதனால் நலம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. எழுதும் முன் கணக்கிடுக. நேரத்தை விநாடியாக்கி வகுத்துப் பார்த்து, ஐந்து விழுக்காடு மிச்சம் விடுக.
2. படத்தை அத்தியாயங்களாகப் பிரிக்க. நடுப்பகுதியில் அமைதியான இடத்தில் ஓர் எல்லை கட்டாயம் வேண்டும்.
3. நடுத்தர வேகத்தில் எழுதுக. ரைட்டரை நேரே கணினியில் இணைக்க.
4. எச்சரிக்கைகளைப் படித்த பிறகே சரி என்று அழுத்துக.
5. பழுது நேர்ந்தால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதை எழுதி வைக்க.
6. எழுதிய தகட்டைக் கணினியில் மட்டுமன்றி, அது ஓட வேண்டிய பிளேயரிலும் இறுதிவரை ஓட்டிப் பார்க்க. திருப்பத்தில் ஒரு கணம் நின்று செல்வது இயல்பே.
7. தகட்டின் மேல் காகிதம் ஒட்டலாகாது. மென்மையான மார்க்கரால் மேற்புறத்தில் எழுதுக. வெயில் படாத இடத்தில், உறையில் நிறுத்தி வைக்க.

இவற்றுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகடும் அழியும் பொருளே. அதன் சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்கும். ஆகவே கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் எடுத்து, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றொன்றை மாமா வீட்டிலும் வைத்துள்ளோம். கேசட்டையும் எறியவில்லை.

நான்காம் தகட்டை ஒரு ஞாயிறு மாலை தாத்தா வீட்டில் போட்டோம். 1 மணி 32-ஆம் நிமிடம் நெருங்கியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வாசற்பந்தல் வந்தது, இமைக்கும் நேரம் நின்றது, ஓடிற்று. 2 மணி 20-இல் அம்மாச்சி ஒலிபெருக்கியை வாங்கினார். என் தந்தை வீட்டாரைப் பார்த்து, "எம் பொண்ண அதட்டிப் பேசாதீங்க. சத்தம் போட்டா அவளுக்குச் சோறு இறங்காது" என்றார். திருமண வீடே சிரித்தது. என் தாயின் குரலும் அம்மாச்சியின் குரலும் ஒன்றே என்பதை அன்றுதான் அறிந்தேன். தாத்தா சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவ போடு தாயி" என்றார்.

அத்தியாயம் பிரித்திருந்ததால், பொத்தானை இரண்டு முறை அழுத்தியதுமே அவ்விடம் வந்தது.

ஐந்தாம் தகட்டில் ஒரு படி எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். வீணான மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. தோழியரே, உங்கள் வீட்டு அலமாரியின் அடியிலும் இத்தகைய கேசட் ஒன்று இருக்கக்கூடும். அதை ஓட்டும் இயந்திரங்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. இவ்விடுமுறையிலேயே அதைத் தேடி எடுங்கள். நிதானமாக அளந்து, ஒவ்வொன்றாய்ச் சோதித்து, பொறுமையுடன் செய்யுங்கள். உங்களுக்கு மூன்று தகடுகள் வீணாக வேண்டியதில்லை.